பிளாக் டீ குடித்தால் இதயத்துக்கு நல்லதா? பால் சேர்த்தால் பலன் போய்விடுமா? ஆய்வுகள் சொல்வது இதுதான்!

"பால் டீயை விட்டாச்சு, இனிமே பிளாக் டீதான்... ஹார்ட்டுக்கு நல்லதாமே!" டீக்கடை பெஞ்சில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கேரளத்தில் கட்டன் சாயா, இலங்கையில் பிளேன் டீ என்று காலங்காலமாக பால் இல்லாமல் குடித்து வந்த அதே டீதான், இப்போது இதயம் காக்கும் பானமாக வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றி வருகிறது. ரத்தக்குழாய் அடைப்பு கரைந்துவிடும், பிபி மாத்திரையே தேவைப்படாது என்று சொல்பவர்களும் உண்டு. இதில் எது உண்மை, எது ஓவர் பில்டப்? பார்க்கலாம்.

டீ இதயத்துக்கு என்ன செய்கிறது?

கிரீன் டீ, பிளாக் டீ இரண்டுமே ஒரே செடியின் இலைதான். பறித்த இலையை நசுக்கி, காற்று படும்படி விட்டு, நிறம் மாறிய பிறகு காய வைத்தால் அது பிளாக் டீ. அப்படி மாறும்போது இலையில் இருக்கும் கேட்டச்சின் என்ற பொருள் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற வேறு பொருட்களாகிறது. டீயின் செந்நிறமும், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் பெரும்பாலும் இவற்றால் வருவதுதான்.

நமது ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. குழாய் தேவைக்கேற்ப விரிய அதுதான் உதவுகிறது. இதய நோய் வந்தவர்களுக்கு இந்த விரியும் திறன் குறைந்துவிடும். அமெரிக்காவின் பாஸ்டனில் 50 இதய நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2001-ல் சர்குலேஷன் என்ற மருத்துவ இதழில் வெளியானது. நான்கு வாரம் தினமும் 900 மில்லி பிளாக் டீ குடித்தபோது, அவர்களின் கை ரத்தக்குழாய் விரியும் திறன் மேம்பட்டது. காஃபினை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

கவனிக்க, அடைப்பு கரைந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. குழாய் கொஞ்சம் நன்றாக விரிந்தது, அவ்வளவுதான்.

பிபி எவ்வளவு குறையும்?

மேற்கு ஆஸ்திரேலியாவில் 95 பேருக்கு ஆறு மாதம் தினமும் மூன்று கப் நடத்திய ஆய்வின் முடிவு 2012-ல் வந்தது. ஒரு தரப்புக்கு உண்மையான பிளாக் டீ. இன்னொரு தரப்புக்கு அதே சுவை, அதே காஃபின் அளவு கொண்ட, ஆனால் டீ இல்லாத பானம். முடிவில், டீ குடித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் 2 முதல் 3 புள்ளி வரை குறைவாக இருந்தது.

ஒரு ஊரே இப்படி 2 புள்ளி குறைந்தால் அது பெரிய விஷயம்தான். ஆனால் 160-ல் இருக்கும் ஒருவருக்கு 158 ஆவதால் ஆபத்து போய்விடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு டீயை நம்புவது எவ்வளவு தப்பான கணக்கு என்பதற்கு இந்த எண்ணே போதும்.

இன்னொரு விஷயம். டீ குடித்த உடனே காஃபினால் பிபி தற்காலிகமாக ஏறலாம். அதனால் பிபி பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்துக்குள் டீ, காபி வேண்டாம்.

பால் ஊற்றினால் பலன் போய்விடுமா?

இந்த பயத்துக்குக் காரணமே 2007-ல் ஜெர்மனியின் பெர்லினில் நடந்த ஒரு சின்ன ஆய்வுதான். ஆரோக்கியமான 16 பெண்களுக்கு அரை லிட்டர் பிளாக் டீ கொடுத்தார்கள். ரத்தக்குழாய் நன்றாக விரிந்தது. அதே டீயில் 10 சதவீதம் கொழுப்பு நீக்கிய பால் சேர்த்துக் கொடுத்தபோது பலன் காணாமல் போனது. பாலில் உள்ள கேசீன் புரதம் டீயின் பொருட்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றார்கள் ஆய்வாளர்கள்.

ஆனால் 2022-ல் கதை மாறியது. பிரிட்டனில் கிட்டத்தட்ட 5 லட்சம் பேரை சராசரியாக 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளை அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் அலசினார்கள். டீ குடித்தவர்களில் பெரும்பாலோர் குடித்தது பிளாக் டீ. தினமும் 2 கப் அல்லது அதற்கு மேல் குடித்தவர்களுக்கு, டீயே குடிக்காதவர்களைவிட இறப்பு ஆபத்து 9 முதல் 13 சதவீதம் குறைவு. இதய நோய், பக்கவாதத்தால் வரும் இறப்பும் குறைவாகவே இருந்தது. பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் இந்தத் தொடர்பு மாறவில்லை.

அப்போ நம்ம ஊர் டீயும் ஓகேவா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் பால் சேர்ப்பது என்றால், வடித்த டீயில் நிறம் மாறும் அளவுக்கு ஒரு சொட்டு ஊற்றுவது. நம்ம மாஸ்டர் போடுவதோ பாதிக்குப் பாதி பாலில் டிகாஷன். இரண்டும் ஒன்றல்ல. தவிர, டீ குடிப்பவர்கள் குறைவாக இறந்தார்கள் என்றால் டீதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அவர்களின் மற்ற பழக்கங்களும் காரணமாக இருக்கலாம். ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள்.

உண்மையான வில்லன் சர்க்கரை

பாலை விட்டவர்கள் பலர் கசப்பு தெரியக்கூடாது என்று சர்க்கரையைக் கூட்டிவிடுகிறார்கள். ஒரு கிளாஸுக்கு 2 ஸ்பூன், நாளுக்கு 4 கிளாஸ் என்றால் 8 ஸ்பூன். ஒரு ஸ்பூன் 4 கிராம் என்றே வைத்தாலும் 32 கிராம். நாளுக்கு சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் ஆலோசனை. டீயிலேயே கோட்டா காலி! நாட்டுச் சர்க்கரை போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. கூடவே ஒரு வடை, ஒரு சிகரெட் என்றால் டீயால் வந்த சிறு நன்மையைத் தேடத்தான் வேண்டும்.

சாப்பிட்டவுடன் டீ வேண்டாம்

கீரை, பருப்பு, தானியங்களில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் டீயின் துவர்ப்புப் பொருட்கள் தடுக்கின்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இது இதயம் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால், அதே ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டும்.

எனவேதான் ஐசிஎம்ஆர் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபியைத் தவிர்க்கச் சொன்னது. நாளுக்கு காஃபின் 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு வைத்தது. 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கும். பால் இல்லாத டீ ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

யாருக்கு எச்சரிக்கை?

படபடப்பு, இதயத் துடிப்பு கோளாறு, தூக்கமின்மை உள்ளவர்கள் எத்தனை கப் குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கல் வந்தவர்களும் அப்படியே. பிளாக் டீயில் ஆக்சலேட் உண்டு. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-லேயே சொல்லிவிட்டது.

நெஞ்சை அழுத்துகிறது, இடது கை வலிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. அப்போது "வாயுத் தொல்லைதான், சூடா ஒரு கட்டன் குடிச்சா சரியாயிடும்" என்று வீட்டில் யாராவது சொன்னால் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம். உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.