வலிப்பு நோயும் ஒப்பாய்வு விலங்கும்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் நம்மோடு வாழும் மூவினத்தாரும் வலிப்பு நோயை விலங்கின் பெயரால் சுட்டி வந்துள்ளனர். தமிழர் காக்காய் வலிப்பு என்றனர். மலாய்க்காரர் 'கீலா பாபி', அதாவது பன்றிப் பித்து, என்றனர். சீனர் ஆட்டுப் பித்து என்றனர். வலித்தல் என்பதற்கு இழுத்தல் என்று பொருள், அச்சொல்லில் குற்றமில்லை. 'கால்-கை வலிப்பு' என்பதே மக்கள் வாயில் காக்காய் எனத் திரிந்தது என்பாரும் உளர். அது உண்மையாயின், காக்கை இங்கு வந்தமர்ந்தது செவிப்பிழையால். எவ்வாறாயினும், இந்நோயின் காரணத்தைக் காட்டிய விலங்கு வேறு. அது ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி.

பிரெஞ்சு மருத்துவர் ஷார்லோட் திராவே 1978இல் விவரித்த கடுமையான வலிப்பு, குழந்தையின் முதல் ஆண்டிலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு தொடங்குகிறது. 'எஸ்சிஎன்1ஏ' என்னும் மரபணுவின் பழுதே அதன் காரணம் என்று 2001இல் கண்டறியப்பட்டது. நரம்பணுவுக்குள் சோடியம் புகும் வாயிலை ஆக்குவது அம்மரபணு. வாயில் குறைந்தால் மின்துடிப்பு அடங்கவேண்டுமே. வலிப்பாக எழுவது எவ்வாறு? குழந்தையின் மூளையைத் திறந்து விடை தேட இயலாது. அம்மரபணுவின் இரு படிகளுள் ஒன்றைச் செயலிழக்கச் செய்த சுண்டெலிகளை ஆராய்ந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக் கேட்டரால் குழுவினர் 2006இல் விடை கூறினர். பிற அணுக்களை அடக்கிவைக்கும் நரம்பணுக்களிலேயே சோடிய ஓட்டம் குறைந்திருந்தது. அடக்குவன தளர்ந்தமையால் மற்றவை கட்டவிழ்ந்தன. சோடிய வாயிலை மேலும் அடைக்கும் சில வலிப்பு மருந்துகள் இக்குழந்தைகளுக்குக் கேடு செய்வதன் காரணமும் இதனால் விளங்கிற்று.

மரபணு என்றவுடன் தாய்வழியா தந்தைவழியா என்று வழக்காடும் உறவினர்க்கு ஒன்று கூறவேண்டும்: திராவே நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோரிடம் இப்பழுது புதிதாகத் தோன்றியதே, பெற்றோரிடமிருந்து வந்ததன்று.

சுண்டெலி குழந்தையாகிவிடாது. ஒரே பழுது, எலியின் இனவழி மாறியதும், ஒன்றில் கொடியதாகவும் மற்றொன்றில் மென்மையாகவும் அமைந்தது. தலையில் வெந்நீர் ஊற்றும்போது எழும் வலிப்பையும் எண்ணுக; தென்னிந்தியாவில் மிகுதியாகப் பதிவான அது சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளிடம் வெந்நீரால் வலிப்பை உண்டாக்கி ஆராய்ந்து, முடிவுகளை 1996இல் வெளியிட்டனர். வெப்பம் மூளையைத் தூண்டும் விதத்தை அவ்வெலிகள் காட்டும். அண்ணனுக்கு வந்தது தம்பிக்கு வராததேன் என்பதைக் காட்டா. அக்குடும்பங்களின் மரபுப் பழுது அவற்றிடம் இல்லை.

இத்தகைய உயிரியை ஆங்கிலத்தில் 'அனிமல் மாடல்' என்பர். 'விலங்கு மாதிரி' என அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை நாம் ஏற்கவில்லை. "உங்கள் பிள்ளையின் நோயை விலங்கு மாதிரியில் ஆராய்கிறார்கள்" என்றால், ஒரு தாயின் செவியில் விழுவது 'விலங்கைப் போல' என்பதே. பேச்சு வழக்கில் 'மாதிரி'க்கு அதுவே முதற்பொருள். 'ஒப்பாய்வு விலங்கு' எனலாம். ஒப்பிடப்படுவது நோயின் இயக்கமேயன்றிப் பிள்ளை அன்று என்பது அதில் தெளிவாகும்.