கம்பெனி ஆண்ட மண்ணில் ஒரு கேள்வி

தருமபுரியை ஒரு காலத்தில் மன்னனும் ஆளவில்லை. மக்கள் மன்றமும் ஆளவில்லை. ஒரு கம்பெனி ஆண்டது! 1792-ல் திப்புவிடமிருந்து பாரமகால் சீமையைப் பெற்றது கிழக்கிந்தியக் கம்பெனி. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்தனர், நிலத்தை அளந்தனர், தீர்வையை விதித்தனர். வானம் பார்த்த காட்டில் கேழ்வரகு விதைத்தவன் வியர்வை சிந்தினான். அவனிடம் வரி வாங்கிய கம்பெனியோ இலண்டனில் இருந்த பங்குதாரருக்குக் கணக்குக் காட்டியது!

பழங்கதை எதற்கு என்பீர்கள். பாடம் இருக்கிறது, தோழர்களே!

"கம்பெனி என்றால் இலாபம்தான் தேடும், புலி புல் தின்னுமா?" என்று கேட்கிறார்கள் கனதனவான்கள். புலியைப் படைத்தது இயற்கை. கம்பெனியைப் படைத்தது சட்டம்! 1600-ல் ஓர் அரசி தந்த சாசனத்தால் பிறந்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1858-ல் ஆட்சியை இழந்தது, 1874-ல் கலைந்தது. எழுத்தால் பிறந்தது, எழுத்தாலேயே மறைந்தது. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தி எழுதலாகாதா?

திருத்தியும் எழுதியிருக்கிறோம். 2013-ம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 166-ம் பிரிவைப் படியுங்கள். இயக்குநர் என்பார், பங்குதாரர் நலனை மட்டுமல்ல, தொழிலாளர் நலனையும், சமுதாய நலனையும், சுற்றுச்சூழலின் பாதுகாப்பையும் கருதி நடந்திடவேண்டும் என்று விதித்திருக்கிறது. 135-ம் பிரிவு, ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர இலாபம் பெறும் கம்பெனிகள், மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதனால் பள்ளிக்குக் கட்டடம் வருகிறது, ஊருக்குக் குடிநீர் வருகிறது. வரட்டும், வரவேற்போம்!

ஆனால், நூற்றில் 2 எங்கே போயிற்று என்று கேட்கும் நாம், மீதி 98 எப்படி வந்தது என்று கேட்க வேண்டாமா? கூலியைக் குறைத்து வந்ததா? ஓடையைக் கெடுத்து வந்ததா? விளைவித்தவன் வயிற்றில் அடித்து வந்ததா? ஈட்டும் முறை மாறாமல் ஈயும் முறையை மட்டும் மாற்றினால், அது தருமம், நீதி ஆகாது!

முடிச்சு எங்கே இருக்கிறது? வாக்கில் இருக்கிறது. சாதாரணக் கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பங்கு வைத்திருப்பவர் ஆயிரம் பேருக்குச் சமம்! உழைப்பவனுக்குப் பங்கு இல்லையெனில் வாக்கும் இல்லை. ஆறும் காடும் வாக்குச்சீட்டு ஏந்தி வருமா?

இந்த முடிச்சை அவிழ்க்கவும் வழி உண்டு. 2002-ம் ஆண்டுத் திருத்தத்தால் 'உற்பத்தியாளர் கம்பெனி' என்ற புதுவகை பிறந்தது. உழவர் பத்துப் பேர் கூடினால் தொடங்கலாம். பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரே வாக்கு! போட்ட முதலுக்கு வரம்புக்குட்பட்ட ஆதாயமே. மிச்சம், விளைபொருளை யார் எவ்வளவு தந்தாரோ அந்த அளவில் பங்கிடப்படலாம். பங்குச் சந்தையில் எவரும் இதை வளைத்துப் போட முடியாது.

நடக்கிற காரியமா என்பார்க்கு, அரூரை அடுத்த சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையிலுள்ள சிட்டிலிங்கியைக் காட்டுவேன். 1993-ல் அங்கே மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் குடிசையில் மருத்துவமனை தொடங்கினர். மருந்து மட்டும் போதாது, வட்டிலில் சத்துள்ள சோறும் கையில் வருவாயும் வேண்டும் என்று கண்டனர். 2004-ல் இயற்கை வேளாண் உழவர் சங்கம் எழுந்தது. மலைவாழ் மக்கள் விளைவித்த சிறுதானியம் மாவாகவும் தின்பண்டமாகவும் மாறி நகரத்துக்குச் செல்கிறது. லம்பாடிப் பெண்கள் 'போர்கை' என்ற அமைப்பில், பாட்டிமாரின் ஊசிவேலையைப் பிழைப்பாக மீட்டிருக்கிறார்கள். போர்கை என்றால் அவர்கள் மொழியில் பெருமை! மண்ணும் கெடவில்லை, மானமும் கெடவில்லை.

பெயர்ப்பலகை மாறினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கூட்டுறவு என்று பெயர் இருந்தும், உறுப்பினர் குரலுக்குப் பதில் அலுவலர் கையெழுத்தே ஆட்சி செய்யுமானால், கரும்பு தருபவன் அங்கும் அந்நியனே! வாக்கு இருந்தால் போதாது. கணக்கைக் கேட்கும் துணிவும் வேண்டும்.

இப்போது நம் கண்முன் வாய்ப்பு ஒன்று இருக்கிறது. 2023-ல் தமிழக அரசு, நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2023-24-க்குக் குவிண்டாலுக்கு 3,846 ரூபாய் ஆதரவு விலை அறிவிக்கப்பட்டது. வாங்குவோன் அரசு, உண்போன் ஏழை, விளைவிப்போன் நம் உழவன். இடையில் தரகன் எதற்கு? உழவரே உடைமையாளராய் அமைந்த கம்பெனிகளிடமிருந்து முதலில் கொள்முதல் செய்யட்டும். களத்திலேயே எடையும் விலையும் தெரியட்டும். கணக்கு ஊர்மன்றத்தில் படிக்கப்படட்டும்!

அன்று கம்பெனி தருமபுரியை ஆண்டது. இனித் தருமபுரி உழவன் கம்பெனியை ஆளட்டும்!