முகவரியில்லாதவரின் மார்புப் படம்

க்ஷயரோகம் என்கிற காசநோய்க்கு மருந்து உண்டு என்று உலகம் அறிந்த பின்னும், அம்மருந்தை நோயாளி எங்கே இருந்துகொண்டு உட்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்குத் திடமான விடை சென்னையில்தான் கிடைத்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் கூடிச் சேத்துப்பட்டில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் அளித்து வைத்தார்கள். மற்றவர்களை நெரிசல் மிகுந்த அவரவர் குடியிருப்புகளிலேயே விட்டார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டுக் காலம் கொடுத்துப் பார்த்தார்கள். குணமடைந்தோர் தொகை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்றும், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்றும் 1959-இல் வெளியான முடிவு, உலகின் பல தேசங்களிலும் சானடோரியங்களின் காலம் முடிவதற்குக் காரணமாயிற்று.

ஏழைகளுக்கு அது பெரிய விமோசனம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றுமுதல் நமது காசநோய் ஏற்பாடுகள் யாவும் நோயாளிக்கு ஒரு வீடு உண்டு என்ற அஸ்திவாரத்தின் மேலேயே எழும்பியிருக்கின்றன. மருந்து வீட்டுக்குச் செல்கிறது. விசாரணை வீட்டாரிடம் நடக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற சிறந்த திட்டமும் கதவைத் தட்டித்தான் உள்ளே நுழைகிறது. இராயபுரத்தில் மூடிய கடைகளின் வாசலிலும், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வலைக் குவியல்களின் அருகிலும், திருவொற்றியூர்க் கோயிலைச் சுற்றிய வீதிகளிலும், எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் அடியிலும் இரவைக் கழிக்கிறவனிடம் தட்டுவதற்குக் கதவு ஏது?

நகரம் மெலிந்து கிராமமாகிற அத்திப்பட்டு, மீஞ்சூர்ப் பக்கமும் இதே நிலைதான். அங்கே வேலை முடியும் வரை தகரக் கொட்டகையில் தங்கிவிட்டு, முடிந்ததும் வேறிடம் தேடிச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளரை எந்த ஊரின் கணக்கில் சேர்ப்பது என்பதே சிக்கலாகிவிடுகிறது.

இவர்களை நோய் எளிதில் பற்றுவதற்குக் காரணங்கள் பல. காசநோய்க் கிருமி உடம்பினுள் புகுந்தவர்களில் மிகப் பலருக்கு அது வாழ்நாள் முழுதும் உறங்கியே கிடக்கும்; அரைவயிற்று உணவும், மதுவும், பீடிப் புகையும், நீரிழிவும், வார்ப்படச் சாலைகளில் சுவாசிக்கும் சிலிகா தூசியும் அதை விழிக்கச் செய்கின்றன. விழித்துவிட்டாலும், மூட்டை சுமப்பவனுக்கு இருமல் புதிதல்ல. தூசி என்பான், பனி என்பான், பீடி என்பான், ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று என்பான். அவன் சொல்வதும் நியாயமே. இத்தனைக்கும், சேத்துப்பட்டின் அதே நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து முன்னின்று நடத்திய 2019–21 தேசிய ஆய்வில், அறிகுறி தோன்றியவர்களிலேயே நூற்றுக்கு 64 பேர் அளவில் மருத்துவரை நாடவில்லை என்று கண்டார்கள். அறிகுறியை மட்டும் கேட்டு, மார்புப் படம் எடுக்காமல் விட்டிருந்தால், கண்டறிந்த நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தப்பிப்போயிருப்பார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. வீட்டில் இருப்பவர்கள் கதையே இதுவென்றால், வீதியில் இருப்பவனிடம் ‘இருமல் உண்டா?’ என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவதால் என்ன பிரயோஜனம்? படம் எடுத்தாக வேண்டும். அவன் வரமாட்டான் ஆதலால், படம் எடுக்கும் கருவிதான் அவனிடம் போக வேண்டும்.

கருவி போவது புதிய யோசனையன்று. 1936-இல் பிரேசில் நாட்டு மருத்துவர் மனுவேல் டி அப்ரூ, மார்பின் நிழலைச் சிறிய பிலிமில் பிடிக்கும் முறையைக் கண்டு, திரள் திரளாக மக்களைப் பரிசோதிக்க வழிகாட்டினார். லண்டனில் 2005 முதல் எக்ஸ்ரே வண்டியொன்று வீடற்றோர் விடுதிகளையே தேடிச் சென்றுவருகிறது. சென்னை மாநகராட்சியும் நடமாடும் எக்ஸ்ரே வண்டிகளை வைத்திருக்கிறது. இப்போது கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியும் வந்துவிட்டது. படத்தைக் கணினியே படித்துச் சந்தேகத்துக்குரியதைப் பிரித்துக் காட்டலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் ஒப்புக்கொண்டது. சந்தேகம் எழுந்தால், நம் நாட்டிலேயே உருவான ட்ரூநாட் என்ற பாட்டரிக் கருவி, சளியில் கிருமியின் மரபணு இருக்கிறதா என்பதைச் சுமார் ஒரு மணி நேரத்திலும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதை மேலும் ஒரு மணி நேரத்திலும் சொல்லிவிடும்.

இந்த வேகத்தையே நான் எல்லாவற்றினும் முக்கியமாகக் கருதுகிறேன். ‘திங்கட்கிழமை வந்து ரிசல்ட் வாங்கிக்கொள்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவன் திங்கட்கிழமை வேறொரு லாரியில் வேறொரு துறைமுகத்தில் இருப்பான். சளி கொடுத்த இடத்திலேயே முடிவும், முடிவு தெரிந்த இடத்திலேயே முதல் வேளை மாத்திரையும் கிடைக்க வேண்டும். அதே வண்டியில் விரல் நுனியில் எடுக்கும் துளி ரத்தத்தால் எச்.ஐ.வி.யையும் கல்லீரல் அழற்சியின் பி, சி வகைகளையும் பார்த்துவிடலாம். சி வகை கண்டவர்களில் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையே போதும்.

அப்புறம் ஆறு மாத சிகிச்சை. காசநோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவி 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாயிற்று. அது வங்கிக் கணக்கின் வழியே வருவது. அடையாளச் சீட்டை மழையிலோ திருட்டிலோ இழந்தவனுக்கு அப்பணம் எட்டாது. பசியோடு இருப்பவனுக்கோ மாத்திரை வயிற்றைப் புரட்டும். ஆகவே வண்டியோடு சோறும் போக வேண்டும் என்பதே என் துணிபு. மாத்திரைகளை அவன் நாள்தோறும் தேநீர் குடிக்கும் கடைக்காரரிடமோ, அவனுக்கு லோடு பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரியிடமோ ஒப்படைத்து வைக்கலாம். வீட்டார் செய்கிற காரியத்தை அவர்கள் செய்யச் சம்மதிப்பார்கள்.

திறந்த வெளியில் கிருமி காற்றில் கலைந்து, வெயிலில் மடிந்துவிடுகிறது. வீதியில் உறங்குவதைவிட, ஐப்பசி மழைக்கு அஞ்சிப் பலர் ஒண்டும் ஜன்னலற்ற அறையிலும் தகரக் கொட்டகையிலுமே தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். எனவே ஒருவனுக்கு நோய் தெரிந்ததும், அவன் குடும்பத்தைக் கேட்பதற்குப் பதிலாக, மழையன்று அவனோடு ஒண்டியவர் யார், சீட்டாடியவர் யார் என்று பரிவோடு கேட்டறிந்து, அவர்களுக்கும் படம் எடுக்க வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு வருமுன் காக்கும் மருந்து இருக்கிறது: வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வாரம், ஆக மொத்தம் பன்னிரண்டே வேளை. நாள்தோறும் தேடிப் பிடிக்க முடியாத மனிதர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து வேறில்லை. வண்டி மட்டும், குறித்த கிழமையில், குறித்த தெருமுனைக்கு, பன்னிரண்டு வாரமும் தவறாமல் வந்தாக வேண்டும்.