முட்டைக்கோழிகளின் கொழுப்பீரல் நோயும் அதற்கு உதவும் பயிர்ப் பொருள்களும்

ஆரையம்பதியும் அதனை அடுத்த ஊர்களும் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே உள்ள மணற்பாங்கான நிலத்தில் அமைந்தவை. இப்பகுதிக் கமக்காரருள் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் நெல் விளைவிப்போரும், வீட்டு வளவிற் கத்தரி, மிளகாய், பயிற்றை முதலியன செய்வோரும் உளர். இவற்றோடு முட்டைக்கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு, அறுவடைக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் முட்டை விற்ற பணமே அன்றாடச் செலவுக்கு உதவும். ஆதலின், நேற்றுவரை நன்றாக முட்டையிட்ட கொழுத்த பேடு ஒன்று காலையிற் கூட்டில் இறந்து கிடப்பின், அது சிறிய நட்டமன்று. இத்தகைய திடீர்ச் சாவுக்குரிய காரணங்களுள் ஒன்று கொழுப்பீரல் நோயாகும்.

நோயின் அடையாளங்கள்

இந்நோய் மெலிந்த கோழியைப் பற்றுவதன்று. கொழுத்து, மிகுதியாக முட்டையிடும் பேட்டையே பெரும்பாலும் பற்றும். நடமாட்டம் குறைந்த கம்பிக்கூடுகளிலும், வெப்பமான காலத்திலும் இது மிகுதியாகக் காணப்படும். கச்சான் காற்று வீசும் மாதங்களிற் கூடுதலான கவனம் வேண்டும். முட்டைத் தொகை சடுதியாகக் குறைதலும், சில பேடுகளின் கொண்டை வெளிறுதலும் முன்னறிகுறிகளாகும். பல வேளைகளில் முன்னறிகுறி எதுவுமின்றியே சாவு நேரும்.

இறந்த பேட்டைக் கால்நடை வைத்தியர் அறுத்துப் பார்க்குமிடத்து, வயிற்றினுள் மிகுந்த கொழுப்பும், உறைந்த குருதிக் கட்டியும் காணப்படும். ஈரல் வீங்கி, மஞ்சள் நிறமாகி, விரல் பட்டாலே நொறுங்கும் நிலையில் இருக்கும். நோயுற்ற ஈரலின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் கொழுப்பாக இருத்தல் வழக்கம். சிலவற்றில் அது 70 பங்கு வரை உயரும். இவ்வாறு நலிந்த ஈரல், முட்டையிட முக்கும்போது ஏற்படும் சிறு அழுத்தத்தினாலும் வெடித்துக் குருதி பெருகக்கூடும்.

ஈரலிற் கொழுப்புத் தேங்குவது எவ்வாறு?

கோழியின் உடலிற் கொழுப்பை ஆக்கும் முதன்மையான உறுப்பு ஈரலே. முட்டையிடும் பருவத்திற் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் இவ்வேலையைப் பன்மடங்காக்குகிறது. ஒரு முட்டையின் மஞ்சட் கருவில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு உண்டு. ஈரலில் ஆக்கப்பட்ட கொழுப்புக் குருதி வழியாகச் சூலகத்தை அடைந்தே மஞ்சட் கருவிற் சேர்கின்றது.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர், அத்துறையில் வாவியைக் கடத்தற்கு நீர்வழியே உதவியது. படுவான்கரையிலிருந்து நெல் மூடைகள் வந்து குவிய, அவற்றை ஏற்றுதற்குத் தோணிகள் போதாவிடின், மூடைகள் துறையிலேயே தேங்குமன்றோ? ஈரலிலும் இதுவே நிகழ்கின்றது. கொழுப்பை ஏற்றிச் செல்லும் தோணிகளை ஆக்குதற்குப் புரதமும், கோலின் என்னும் சத்தும் தேவை. மூடைகள் அளவுக்கு மிஞ்சினாலும் தேக்கம் உண்டாகும். தோணிகள் குறைந்தாலும் தேக்கம் உண்டாகும்.

தீனே முதற் காரணம்

இந்நோயை 1956 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்திற் கௌச் என்னும் ஆய்வாளர் விவரித்தார். பின்னர் உவுல்பேட், போலின் என்னும் இருவர், பேடுகளுக்கு அவை தாமாக உண்ணும் அளவிலும் கூடுதலான தீனை வலிந்து ஊட்டி, இந்நோயைத் தோற்றுவித்துக் காட்டினர். தேவைக்கு மிஞ்சிய தீனின் மாப்பொருள் ஈரலிற் கொழுப்பாக மாறுகின்றது என்பதே இதன் கருத்து.

நெற்செய்கை உள்ள வீடுகளில் நெல்லும் குறுணலும் எளிதிற் கிடைக்கும். முட்டைக்கோழித் தீனோடு இவற்றையும் கைநிறைய அள்ளியிடும் வழக்கம் அன்பினால் எழுவதேயாயினும், அது பேட்டுக்குத் தீங்காகும். குறுணலில் மாப்பொருள் மிகுதி. புரதமும் கோலினும் குறைவு. எனவே அது மூடைகளைக் கூட்டித் தோணிகளைக் கூட்டாது விடுகின்றது.

உதவும் பயிர்ப் பொருள்கள்

சோயா அவரை: சோயாப் புண்ணாக்கிற் சோளத்தில் உள்ளதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கோலின் உண்டு. புரதமும் மிகுதி. அன்றியும், சோயாவில் உள்ள ஜெனிஸ்ரீன் என்னும் பொருளைத் தீனிற் சேர்த்தபோது, கொழுப்பீரலுற்ற பேடுகளின் கொழுப்புச் சீர்கேடு தணிந்ததாகச் சீன ஆய்வாளர் 2018 ஆம் ஆண்டில் அறிவித்தனர். பச்சைச் சோயா அவரை புரதச் சமிபாட்டைத் தடுக்கும். ஆதலின் வறுத்தோ அவித்தோ அன்றி அதனைக் கொடுத்தல் ஆகாது.

மஞ்சள்: இதிலுள்ள குர்குமின் ஈரற் கலங்களைச் சிதைவினின்று காக்கவல்லது. எனினும் அது குடலிற் சிறிதளவே உறிஞ்சப்படும். தீன் ஒரு கிலோகிராமுக்கு 5 கிராம் தூய மஞ்சட்டூள் போதுமானது. நிறமூட்டிய கலப்படத் தூளை விலக்குக.

முருங்கையிலை: நிழலில் உலர்த்திப் பொடித்த இலை புரதத்தையும் ஈரலுக்கு நலந்தரும் பொருள்களையும் அளிக்கும், மஞ்சட் கருவுக்கும் நிறமூட்டும். இது தீனில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படலாகாது. மிகுதியாயின் முட்டை குறையும்.

கீழ்க்காய்நெல்லியும் நிலவேம்பும்: கத்தரிப் பாத்தியிற் களையாக முளைக்கும் கீழ்க்காய்நெல்லி, செங்கண்மாரிக்கு மருந்தாகப் பன்னெடுங்காலமாக வழங்கிவருவது. அதிலுள்ள பில்லாந்தின், நிலவேம்பிலுள்ள அந்திரோகிரபோலைட்டு ஆகியன ஈரலைக் காக்கும் பொருள்களாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின் செங்கண்மாரி வேறு, கொழுப்பீரல் வேறு. மனிதருக்குரிய அளவைக் கொண்டு கோழிக்கு மருந்து வகுத்தல் தவறு. நிலவேம்பின் கசப்பினாற் பேடு தீனையே வெறுக்கவுங் கூடும்.

பீட்டெய்ன்: பீற்றூட் இனத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் இப்பொருள், கோலின் செய்யும் பணிகளுள் ஒரு பகுதியைத் தானும் செய்யும். வெப்பத்தைத் தாங்குதற்கும் கோழிக்கு உதவும்.

இவை அனைத்தும் துணைகளே. குறுணலைக் குறையாது அள்ளியிட்டுக்கொண்டு மூலிகைக்குப் பணஞ் செலவிடுவோன், துறையில் மூடைகளைக் குவித்தவாறே ஓரிரு தோணிகளை வாங்குபவனை ஒப்பான்.

பூஞ்சணத் தீன்

தேங்காய்ப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, சோளம் ஆகியன ஈரமுற்றாற் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் உண்டாகும் அஃப்ளாரொக்சின் என்னும் நஞ்சு ஈரலை நேரே தாக்கும். 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வான்கோழிகள் மடிந்தமைக்கு, இந்நஞ்சு கலந்த கடலைப் புண்ணாக்கே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. பூஞ்சணம் பிடித்த தீனை வெயிலில் உலர்த்தினாலும் நஞ்சு நீங்காது. வாவிக்காற்றின் ஈரம் படாதவாறு தீன் மூடைகளை நிலத்தினின்று உயர்த்திப் பலகைமேல் அடுக்குதல் வேண்டும்.

கைக்கொள்ளத்தக்க முறைகள்

1. வாரத்துக்கு ஒருமுறை பத்துப் பேடுகளை நிறுத்து, எடையைக் குறித்து வைத்தல் வேண்டும். அவ்வினத்துக்கு உரிய எடையிலும் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினால் ஆபத்து அணுகிற்று எனக் கொள்க.

2. பேடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் முட்டைக்கோழித் தீன் போதும். அதற்கு மேலிடும் நெல்லையும் குறுணலையும் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துக. சடுதியாகப் பட்டினி போடுதல் கூடாது.

3. மாப்பொருளைக் குறைக்கையிற் புரதத்தைக் குறைத்தலாகாது. வீட்டிலே தீன் கலப்போர் சோயாப் புண்ணாக்கைச் சேர்த்துக்கொள்க.

4. நோய் கண்ட மந்தைக்குத் தீன் ஒரு கிலோகிராமுக்கு 500 மில்லிகிராம் அளவிற் கோலினைச் சேர்ப்பது வழக்கம். மெதியோனின், விற்றமின் ஈ, விற்றமின் பி12 ஆகியனவும் சேர்க்கப்படும். இவற்றின் அளவைக் கால்நடை வைத்தியரிடம் அறிந்துகொள்க.

5. கச்சான் காலத்திற் கூரையைக் கிடுகினால் மூடி, காற்றோட்டமும் குளிர்ந்த நீரும் கிடைக்கச் செய்க. தீனைக் காலையிலும் மாலையிலும் இடுக.

6. ஒரே நாளிற் பல கோழிகள் இறப்பினும், இளைப்பு, பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் என்பன காணப்படினும், அது இராணிகேத்து நோயாக இருத்தல் கூடும். உடனே அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். இறந்த கோழியை உண்ணவோ வாவியில் எறியவோ கூடாது. ஆய்வு முடிந்தபின் ஆழப் புதைத்தல் வேண்டும்.

வெடித்த ஈரலை ஒட்டவைக்கும் மூலிகை எதுவும் இல்லை. ஆயினும் நோய் முற்றுமுன் தீனை அளந்திட்டு வந்தால், எஞ்சிய பேடுகளைக் காத்தல் இயலும். விதைநெல்லை அளந்து விதைக்கும் கமக்காரருக்குக் கோழித் தீனை அளந்திடுதல் அரிய செயலன்று.