கறிக்கோழித் தீவனத்தில் குருணை கலக்கலாமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சொந்தப் பொறுப்பில் கறிக்கோழி வளர்ப்போருக்குச் செங்குன்றம் அரிசி ஆலைகள் எட்டும் தூரத்தில் உள்ளன. வளர்ப்புச் செலவில் நூற்றுக்கு அறுபத்தைந்து முதல் எழுபது பங்கு தீவனத்துக்கே போய்விடுகிறது. ஆகவே, கம்பெனித் தீவனம் மூன்று மூட்டைக்கு ஒரு மூட்டை குருணை சேர்த்தால் செலவு குறையுமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இப்படிக் கலந்து போட்டால் கோழி நன்றாகத் தின்னும், நோயும் இராது, எடை மட்டும் ஏறாது. கடைசியில் பழி குஞ்சின் மேல் விழும்.

கோழி பெரும்பாலும் தன் எரிசக்தித் தேவைக்கு ஏற்பவே தின்கிறது. குருணையில் எரிசக்திக்குக் குறைவில்லை. குறைவது புரதமும், அந்தப் புரதத்தை உண்டாக்கும் அமினோ அமிலங்களும்தான். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட கறிக்கோழியின் தீவனத்தில் கிலோவுக்கு 3,200 கிலோ கலோரி எரிசக்தி, 20 சதம் புரதம், 1 சதம் லைசின், 0.45 சதம் மெத்தியோனின் இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007-ல் வெளியிட்ட அளவு. குருணையில் புரதம் சுமார் 8 சதம், லைசின் கால் சதம். மூன்றுக்கு ஒன்று கலந்தால் புரதம் 17 சதமாகவும், லைசின் 0.8 சதமாகவும் இறங்கிவிடும். எரிசக்தியோ ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

செங்கல்லும் சிமெண்டும் குவிந்திருந்தாலும் மணல் தீர்ந்தால் சுவர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். தசை வளர்வதும் அப்படித்தான். லைசின் தீர்ந்த இடத்தில் வளர்ச்சி நிற்கும். பயன்படாத எரிசக்தி அடிவயிற்றில் கொழுப்பாகச் சேரும். கோழியை அறுத்துப் பார்த்தால் இது தெரியும்.

புரதக் குறையைக் கடலைப் பிண்ணாக்கால் சரிக்கட்டலாமே என்றால், அதிலும் கவனம் வேண்டும். கடலைப் பிண்ணாக்கிலும் சோயாப் பிண்ணாக்கிலும் புரதம் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் கடலையில் உள்ள லைசின் சோயாவில் இருப்பதில் பாதியளவே. ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சும் உண்டாகும். எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் நிறைய உண்டு, லைசின் குறைவு.

தீவனத்தைத் தாமே அரைத்துக் கலப்பவர்கள் குருணையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதை மக்காச்சோளத்துக்குப் பதிலாகச் சேர்க்கவேண்டுமே தவிர, முழுத் தீவனத்துக்குப் பதிலாக அல்ல. சோயாவின் பங்கைக் குறைக்கக்கூடாது. மக்காச்சோளத்தின் மஞ்சள் நிறம் குருணையில் இல்லாததால் தோல் சற்று வெளிறும். எடைக்கு அதனால் கேடில்லை. மெத்தியோனின், லைசின் தூள்களைக் கொஞ்சம் அரைத்த சோளத்தில் முதலில் நன்றாகக் கலந்து, பிறகு மொத்தத் தீவனத்தில் சேர்க்கவேண்டும். நேரே கொட்டினால் ஒரு பக்கமே தங்கிவிடும்.

புரதத்தை அளவுக்கு மீறிக் கூட்டுவதும் நட்டமே. மிஞ்சிய அமினோ அமிலம் யூரிக் அமிலமாக எச்சத்தில் வெளியேறும். கோழி அதிகத் தண்ணீர் குடிக்கும். கூளம் நனைந்து அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் கோழி தின்பதே குறைந்துவிடும். அப்போது ஒவ்வொரு பிடித் தீவனத்திலும் லைசினும் மெத்தியோனினும் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். எரிசக்தியில் ஒரு பகுதியைத் தாவர எண்ணெயாகக் கொடுத்தால் செரிமானத்தில் உண்டாகும் உடல் சூடு குறையும். விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம் போடுவது நல்லது.

தீவனக் கலவை பற்றிய விவரங்களுக்கு மாதவரத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.