தேர்தல் செலவை யார் ஏற்பது? அமெரிக்க அதிபர் தேர்தல் தரும் பாடம்

குடிமையியல் வகுப்பில் தேர்தலைப் பற்றிப் பேசும்போது வாக்குரிமை, வாக்குப்பதிவு, வாக்கு எண்ணிக்கை ஆகியவற்றை விளக்கிவிடுகிறோம். "இவ்வளவு மேடை, விளம்பரம், பயணம்... இதுக்கெல்லாம் யார் சார் காசு கொடுக்கிறாங்க?" என்று ஒரு மாணவர் கேட்டால் சற்றே யோசிக்க வேண்டியிருக்கும். இந்தக் கேள்விக்கு அமெரிக்கா ஒரு விடையைக் கண்டது. சுமார் 30 ஆண்டுகள் அதைப் பின்பற்றியது. இன்று அந்தச் சட்டம் இருக்கிறது. ஆனால் பெரிய கட்சிகளின் அதிபர் வேட்பாளர்கள் அதன் பக்கம் திரும்புவதில்லை. ஏன்?

திட்டம் பிறந்த கதை

தேர்தல் செலவை அரசே ஏற்கலாம் என்ற யோசனையை 1907ஆம் ஆண்டிலேயே அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் முன்வைத்தார். அது சட்டமாக 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாட்டர்கேட் ஊழல் விசாரணையில், 1972 தேர்தலில் நிக்சனின் பரப்புரைக்குச் சில பெருநிறுவனங்கள் சட்டத்துக்குப் புறம்பாகப் பணம் கொடுத்தது வெளிவந்தது. பணம் கொடுத்தவருக்கு வென்றவர் கடன்பட்டவர் ஆகிவிடுகிறார் என்ற அச்சம் மக்களிடம் எழுந்தது. 1974இல் தேர்தல் நிதிச் சட்டம் கடுமையாகத் திருத்தப்பட்டது. 1976 அதிபர் தேர்தலில் அரசு நிதி நடைமுறைக்கு வந்தது.

எப்படிச் செயல்படுகிறது?

வருமான வரிப் படிவத்தில் ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால், ஒருவர் செலுத்தும் வரியிலிருந்து 3 டாலர் (தொடக்கத்தில் 1 டாலர்) இந்த நிதிக்குச் செல்லும். இதனால் அவருடைய வரி கூடாது.

இந்த நிதி இரண்டு கட்டங்களில் வேட்பாளருக்குக் கிடைக்கும். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் கட்டத்தில், தனிநபர் தரும் நன்கொடையில் 250 டாலர் வரை அரசும் அதே அளவு பணம் தரும். இதற்குக் குறைந்தது 20 மாநிலங்களில், ஒவ்வொன்றிலும் 5,000 டாலருக்கு மேல் சிறு நன்கொடை திரட்டியிருக்க வேண்டும். இறுதிப் போட்டியில், பெரிய கட்சி வேட்பாளருக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். அதைப் பெற்றவர் பரப்புரைக்குத் தனியார் நன்கொடை வாங்கக் கூடாது. அந்தத் தொகைக்கு மேல் செலவிடவும் கூடாது. 1976இல் ஃபோர்டு, கார்ட்டர் இருவரும் தலா 2.18 கோடி டாலர் பெற்றுப் போட்டியிட்டனர்.

இதில் சேருவது கட்டாயமில்லை. செலவுக்கு வரம்பு விதிப்பது பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துவதாகும் என்று 1976இல் 'பக்லி எதிர் வலேயோ' வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அரசு நிதியை விரும்பி ஏற்பவருக்கு மட்டுமே வரம்பு பொருந்தும். திட்டத்தின் பலவீனம் இங்கேதான் தொடங்கியது.

2008: திருப்புமுனை

2000ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் டபிள்யூ. புஷ் முதல் கட்ட நிதியை மறுத்தார். 2008இல் ஒபாமா இறுதிப் போட்டிக்கான நிதியையும் மறுத்தார். பெரிய கட்சி வேட்பாளர் ஒருவர் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. எதிர்த்துப் போட்டியிட்ட மெக்கெய்ன் அரசு நிதியாக 8.41 கோடி டாலரை ஏற்றார். ஒபாமாவோ செப்டம்பர் என்ற ஒரே மாதத்தில் 15 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். விதியை ஏற்றவர் விளம்பரத்தில் பின்தங்கினார். 2012 முதல் இரு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் இந்த நிதியை நாடவில்லை. 2020இல் கிடைக்கக்கூடிய தொகை 10.37 கோடி டாலர்; பைடனின் பரப்புரைக் குழு திரட்டியதோ 100 கோடி டாலருக்கும் மேல்.

2010இல் 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' தீர்ப்பு, வேட்பாளரைச் சாராமல் நிறுவனங்கள் வரம்பின்றிச் செலவிட வழிவிட்டது. வேட்பாளர் தன் செலவைச் சுருக்கினாலும், வெளிக்குழுக்களின் செலவைத் தடுக்க அவரால் முடியாது. மக்கள் ஆர்வமும் குறைந்தது. 1980 வாக்கில் நூற்றில் 28 படிவங்களில் இருந்த குறி, இன்று நூற்றில் 5 படிவங்களில்கூட இல்லை.

வேட்பாளர் இதை நம்பலாமா?

அரசு நிதி இருந்தால் வேட்பாளர் பணக்காரர் வீட்டு விருந்துகளில் செலவிடும் நேரத்தை மக்களிடம் செலவிடலாம். யாருக்கும் கடன்பட வேண்டாம். எதிர்ப்பவர்கள், தான் விரும்பாத வேட்பாளருக்குத் தன் வரிப்பணம் ஏன் போக வேண்டும் என்று கேட்கிறார்கள். இணையவழிச் சிறு நன்கொடையே மக்கள் பங்கேற்புதான் என்றும் வாதிடுகிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு.

ஆனால் ஒருவர் மட்டும் வரம்பை ஏற்றால் அவருக்குத் தோல்வியே மிஞ்சக்கூடும். எனவே இதை வேட்பாளரின் நேர்மைக்கான சோதனையாகப் பார்ப்பது சரியல்ல. விதி இன்றைய செலவுக்கு ஈடுகொடுக்கிறதா என்பதே கேள்வி. நியூயார்க் நகரத் தேர்தலில் சிறு நன்கொடையின் ஒவ்வொரு டாலருக்கும் 8 டாலர் வரை நகராட்சி தருகிறது. அதனால் அங்கே பல வேட்பாளர்கள் விரும்பிச் சேருகிறார்கள்.

வகுப்பறையில்

மாதிரித் தேர்தல் ஒன்றை நடத்தலாம். பள்ளி தரும் 2 சார்ட் தாள்களை ஏற்பவர் அவற்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஏற்காதவர் நண்பர்களிடம் எவ்வளவும் வாங்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று மாணவர்களைக் கேளுங்கள். பிறகு 2 தாளை 10 ஆக்கி மீண்டும் கேளுங்கள். இறுதியாக, "நிறையத் தாள் கொடுத்த நண்பர், நீ வென்ற பிறகு ஏதாவது கேட்டால் மறுக்க முடியுமா?" என்று கேளுங்கள். அதற்கு மாணவர்கள் சொல்லும் விடைகளிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.