பழுதின் பாதை – 11: மோட்டார் எழும் க்ஷணம்

ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு இல்லாமற்போனால் விளையும் அனர்த்தத்தைச் சென்ற வாரம் சொன்னோம். அதைப் போட்ட பிறகும், மோட்டார் ஓடத் தொடங்கிய மாத்திரத்தில் மொபைல் ஸ்டார்ட்டரின் போர்டு நினைவிழந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறதே, அதற்குக் காரணம் என்ன என்பதே இவ்வாரத்து விசாரம்.

திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் செல்லும் சாலையின் இருமருங்கிலும், கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளையும் கொல்லைகளின் நடுவே நிற்கும் மோட்டார் கொட்டகைகளில், மும்முனைக் கரண்ட் வரும் அகால வேளையில் எழுந்து ஓடும் சிரமத்திலிருந்து குடியானவரை விடுவிக்க வந்த, செல்போன் அழைப்பால் மோட்டாரைக் கிளப்பும் மொபைல் ஸ்டார்ட்டர் இன்று அதிசயப் பொருளல்ல. ஆயினும் மோட்டார் எழும் க்ஷணத்தில் தன் வழக்கமான கரண்டைப்போல் ஆறு மடங்கு வரை இழுப்பதால், டிரான்ஸ்பார்மருக்கு வெகுதூரத்தில் கடைசிக் கம்பத்தை அண்டியிருக்கும் கொட்டகையில் வோல்டேஜ் சரிந்துவிடுகிறது. 230 என்றிருந்தது 160-க்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். போர்டிலுள்ள 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் அப்போது ஆறேகால் வோல்ட்தான் தரும். அதன் உச்சம் 9-க்குச் சற்றுக் குறைவு. பிரிட்ஜ் டயோடுகள் அதில் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட்டை விழுங்க, வினாடிக்கு 100 தடவை ஏறியிறங்கும் சிற்றலை தாழ்விடத்தில் இன்னுமொரு வோல்ட்டைக் கொண்டுபோக, மிஞ்சுவது ஆறரைக்கும் குறைவு. 7805 ரெகுலேட்டரோ ஸ்திரமான 5 வோல்ட் தருவதற்குச் சுமார் 7 வோல்ட் கேட்கிற பிராணி!

விபரீதம் இத்துடன் நிற்பதில்லை. போர்டு ரீசெட் ஆனதும் ரிலே விடுபட்டு மோட்டார் நிற்கிறது. நின்றதும் வோல்டேஜ் மீள்கிறது. மீண்டதும் போர்டு விழித்து, ஆட்டோவில் வைத்திருந்தால், மறுபடியும் மோட்டாரைக் கிளப்புகிறது. இது ஓயாமல் நடந்தால் மோட்டாரின் காயில் கருகும். ரீவைண்டிங் செலவு குடியானவருக்கு, பழி மோட்டாருக்கு.

அழைப்பு வந்தவுடனேயே போர்டு மயங்கினால் சங்கதி வேறு. அழைப்பை வாங்கும் ஜிஎஸ்எம் மாட்யூல் 4.6 மில்லிவினாடிக்கு ஒரு முறை, அரை மில்லிவினாடிக்குச் சற்று மேலாக, 2 ஆம்பியர் வரை இழுக்கும். ரேடியோவின் அருகே செல்போனை வைத்தால் கேட்குமே கரகரவென்ற சப்தம், அதுவே இந்தத் தாளம். மெல்லிய ஒயரில் கால் ஓம் தடை இருந்தாலே அரை வோல்ட் காணாமற்போகும். மல்டிமீட்டர் இதை ஒருபோதும் காட்டாது; ஆசிலாஸ்கோப் வேண்டும்.

அது இல்லாதவருக்கும் ஒரு பிரத்யட்ச சாட்சி உண்டு. ஏடிமெகா 328 போன்ற சிப், புதிதாகக் கரண்ட் வந்து விழித்ததா, வோல்டேஜ் தாழ்ந்து விழித்ததா, வாட்ச்டாக் எழுப்பி விழித்ததா என்பதை ஒரு ரெஜிஸ்டரில் குறித்து வைக்கிறது. புரோகிராமின் தொடக்கத்திலேயே அதைப் படித்து டிஸ்ப்ளேயில் காட்டச் செய்தால் யூகத்துக்கு இடமேது?

நிவாரணம் சொற்பச் செலவுதான். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால் 160-லும் போர்டு தாங்கும். வோல்டேஜ் ஏறும் வேளையில் 7805 கொதிக்குமாதலால் ஹீட்சிங்க் அவசியம். மாட்யூலை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும், சிப்பின் சப்ளைக் காலை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இருக்கட்டும். தள்ளி வைத்தால் பிரயோஜனமில்லை.

ஸ்டார்ட்டர் வாங்கப் போகும் வாசகர்கள் கடையில் ஒன்று கேட்க வேண்டும்: கரண்ட் போய்த் திரும்பினால் எத்தனை வினாடி பொறுத்து இது மோட்டாரைக் கிளப்பும்? விடை சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

(தொடரும்)